மாப்பிள்ளைக்குத் தெரியாத கை

ஜூலை 1, செவ்வாய்

இன்றிலிருந்து ஆய்வகத்தில் யாரும் நோட்டு எழுத வேண்டியதில்லை, எல்லாவற்றையும் மாப்பிள்ளையே பதிந்துகொள்வார் என்று டாக்டர் திருவேங்கடம் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடமாக அன்றன்றைக்குச் செய்ததை எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இன்று எழுதாமல் கிளம்பியது செருப்பில்லாமல் நடந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரியைத் தேடி எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் என்றைக்காவது இதைப் படித்தால் குழம்பக் கூடாது. மாப்பிள்ளை மனிதர் இல்லை. ஆய்வுக்கென்று வாங்கிய செயற்கை நுண்ணறிவு. எந்த மருந்தை, எந்த அளவில், எத்தனை தடவை சோதிக்க வேண்டும் என்று அது சொல்லும். நாங்கள் செய்து கொடுப்போம். முடிவைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்பதும், கேட்டவுடன் வீடே ஓடுவதும் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குத்தான் நடக்கும். பெயர் வைத்தது நான். இப்போது டாக்டரே அப்படித்தான் சொல்கிறார்.

எங்களுடையது கண் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆய்வகம். கரும்பின் காய்ந்த இலையான சோகை கண்ணில் கீறி, கீறலில் பூஞ்சை பிடித்து வருகிறவர்கள் நிறைய. இருக்கிற சொட்டு மருந்து பலருக்குக் கேட்பதில்லை. புது மருந்து தேடுகிறோம். முப்பத்தேழாம் நம்பர் என்பது மாப்பிள்ளை தானே யோசித்து வரைந்த மருந்துகளில் முப்பத்தேழாவது. உலகத்தில் இதற்கு முன் யாரும் செய்யாதது என்கிறார்கள். அதனால் என்னிடம் வந்திருக்கிறது. முக்கியமான தட்டு கோகிலம்மா கைக்குத்தான் என்பது இங்கே எழுதாத சட்டம். வெளியூர் ஆய்வகங்களிலிருந்து என் கை வேலையைப் பார்க்க வந்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜூலை 3, வியாழன்

முப்பத்தேழு சரியாக வரவில்லை. தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். எல்லாவற்றிலும் பூஞ்சை வித்து. மேலே மருந்தைக் கடுகளவு, அதில் பாதி, அதிலும் பாதி என்று குறைத்துக்கொண்டே விட வேண்டும். எந்த அளவில் பூஞ்சை சாகிறது என்று இரண்டு நாள் கழித்துத் தெரியும். இன்று பார்த்தால் ஒரே அளவு விட்ட இரண்டு குழிகளில் ஒன்று தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் பஞ்சு மாதிரி வளர்ந்து கிடக்கிறது.

மருந்தை உறிஞ்சி விடும் பிப்பெட்டின் முனையில் மாட்டும் டிப் புதுக் கம்பெனிச் சரக்கு. அதுதான் காரணம். மாப்பிள்ளை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் இவர், ரிட்டையர் ஆனதிலிருந்து காப்பி போடும் வேலையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளாக அரை டம்ளர்தான் தருகிறார். பம்ப் கம்பெனியில் நாற்பது பேரை மேய்த்த ஃபோர்மேன், பாலில் இவ்வளவு கருமித்தனம்.

ஜூலை 4, வெள்ளி

பாங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று மூன்று தடவை போடச் சொன்னான். அவனுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

பழைய டிப்பே போட்டுச் செய்தேன். அதே சிதறல். ஆனால் மாப்பிள்ளை அசரவில்லை. இந்த மருந்து பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது, அதனால் குழிக்குக் குழி அளவு மாறுகிறது என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கே சரி என்றுதான் பட்டது. படித்து முடித்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மருந்தின் குணம்தான் அது. வேறொன்றுமில்லை.

அடுத்து கண்ணாடித் தட்டு கேட்கிறது. ஸ்டோரில் தூசி தட்டி எடுத்தோம்.

சாப்பிடும்போது ஷமீமா செல்போனில் எதையோ படித்துவிட்டுக் கேட்டாள். அவள் ஆராய்ச்சி மாணவி, உக்கடத்துப் பெண், கேள்வி ஓயாது. "அக்கா, இன்னும் ரெண்டு மூணு வருசத்துல மனுசன் யோசிக்கறது அத்தனையும் இதுவே யோசிச்சுப் போடுமாம். அப்பறம் நாமெல்லாம் எதுக்குங்க்கா?"

"யோசிக்கட்டும் கண்ணு. குழியில மருந்து விடறதுக்குக் கை வேணுமில்ல?" என்றேன்.

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியாமல் அவளிடமே கொடுத்தேன். புது மூடி, இறுக்கம்.

ஜூலை 10, வியாழன்

வித்து எடுக்கக் கண் வார்டுக்குப் போயிருந்தேன். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மாராத்தாள் என்று ஒரு அம்மா. கரும்பு வெட்டப் போன இடத்தில் சோகை அடித்து மூன்று வாரமாகிறது. கருவிழி மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. வார்டு டாக்டர் சுரண்டி எடுத்ததை நான் கிண்ணத்தில் வாங்கினேன்.

"நீங்கதான் மருந்து கண்டுபுடிக்கறீங்களாமா?" என்றார் அந்த அம்மா.

"நான் இல்லீங்க. ஒரு மெசின் கண்டுபுடிக்குது. நான் ஊத்திக் குடுக்கறேன்."

"ஆரோ ஒருத்தர் கண்டுபுடிங்க சாமி. எனக்கு ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குது. கூட வெட்டற புள்ளைகளெல்லாம் சின்ன வயசு."

முப்பத்தேழு தேறினாலும் சொட்டு மருந்தாகி வர வருடக்கணக்காகும். இந்த அம்மாவுக்கு உதவாது. அதை அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

இவரோடு சண்டை. மேசை மேல் இருந்த டைரியைப் பார்த்துவிட்டு, "எழுத்தென்ன எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது? கோட்ட விட்டு எறங்கி எறங்கிப் போகுது?" என்றார். அடுத்தவர் டைரியைத் தொடலாமா என்று கத்தினேன். படிக்கவில்லையாம், தூரத்திலிருந்து பார்த்தாராம்.

"மாப்பிள்ளைக்கு வேலை ஒத்துவரலீன்னு சொன்னியே. லேத்துல வேலை ஒத்துவரலீன்னா மொதல்ல பீஸச் சுத்தற ஸ்பிண்டில்ல ஆட்டம் இருக்குதான்னு பாப்போம். பீஸக் கொற சொல்ல மாட்டோம்" என்றார்.

நான் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன். 

எங்கள் அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயதில் ஆரம்பித்தது. முதலில் பேனா, அப்புறம் சட்டைப் பொத்தான், அப்புறம் சோறு. கடைசி இரண்டு வருடம் நான் போகிற நாளெல்லாம் நான்தான் ஊட்டிவிட்டேன். எனக்கு ஐம்பத்து நான்கு. எழுதிவிட்டேன். பயமாக இருக்கிறது. அழிக்கப் போவதில்லை, ஆனால் இந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்க்கவும் மாட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

கண்ணாடித் தட்டிலும் அதே சிதறல். பிளாஸ்டிக் கதை போய்விட்டது. மாப்பிள்ளை ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாமல் அடுத்த கதை சொல்லிவிட்டது. மருந்து தனக்குள்ளேயே கட்டி கட்டியாகக் கூட்டம் சேர்கிறதாம். கூட்டம் சேர்ந்த இடத்தில் வேலை செய்கிறது, சேராத இடத்தில் செய்யவில்லை. படம், கணக்கு, பழைய ஆதாரங்கள் எல்லாம் அடுக்கியிருந்தது. டாக்டருக்குக் காலே தரையில் இல்லை.

"கோகிலம்மா, இத வச்சே ஒரு நல்ல கட்டுரை எழுதலாம். மருந்து போனாலும் போகுது!"

போனாலும் போகிறது. இருபத்தைந்தாம் தேதி, ஆய்வுக்குப் பணம் தரும் டெல்லிக்காரர்களோடு கூட்டம். மிருகங்களுக்குப் போட்டுப் பார்க்க மூன்று மருந்தை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். முப்பத்தேழைக் கைவிடலாம் என்று மாப்பிள்ளை எழுதியாகிவிட்டது. தான் பெற்றதைத் தானே தள்ளி வைக்கிறது.

அது புத்திசாலி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கொடுத்ததை வைத்துத்தானே யோசிக்கும்? நான் கொடுத்ததை வைத்து.

ஜூலை 16, புதன்

தோள்பட்டை வலி என்று சொல்லி இன்றைய முப்பத்தேழை ஷமீமாவிடம் கொடுத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் கை ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒவ்வொரு குழிக்கும் நேராகப் போய் நின்று, விட்டு, வந்தது. என் கையும் இப்படித்தான் இருந்தது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு யார் செய்தார்கள் என்று தெரியாது. நாங்கள் எல்லோரும் ஒரே பெயரில்தான் உள்ளே நுழைகிறோம். கடவுச்சொல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு தடவை சுற்றறிக்கை வந்தது. எவருக்கு நேரம் இருக்கிறது?

நல்லதாகப் போயிற்று. இனி முப்பத்தேழை அவளே செய்யட்டும். தோள் வலி ஒரு மாதம்கூட இருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஷமீமாவின் தட்டு வந்துவிட்டது. கோடு போட்ட மாதிரி இருக்கிறது! மருந்து அதிகமான பக்கம் முழுக்கத் தெளிவு, குறையக் குறையப் பூஞ்சை. ஒரு குழிகூட மாறவில்லை. இருக்கிற சொட்டு மருந்தில் எட்டில் ஒரு பங்கு விட்டாலே சாகிறது. மாராத்தாள் கண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையும் செத்திருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு தட்டை நான் பார்த்ததில்லை.

முதல் ஆடி வெள்ளி. கோனியம்மன் கோயிலில் அரை மணி நேரம் வரிசையில் நின்றேன். என்ன வேண்டினேன் என்று எழுதப் போவதில்லை.

ஜூலை 19, சனி

மாப்பிள்ளை அந்தத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டது.

பதினாறு தட்டு சிதறியிருக்கிறது, ஒன்று மட்டும் ஒழுங்காக இருக்கிறது, எனவே அந்த ஒன்றில்தான் தவறு நடந்திருக்க வேண்டும், கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. மருந்துப் புட்டி மாறியிருக்கலாமாம். அதன் நியாயத்தில் ஓட்டை இல்லை. பதினாறு பேர் ஒன்று சொல்லி ஒருவர் மட்டும் வேறு சொன்னால் நாமும் அப்படித்தான் நினைப்போம். அந்தப் பதினாறும் ஒரே ஆள் என்று அதற்கு யார் சொல்வது?

டாக்டர் ஷமீமாவைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கு. இப்பப் போய் புட்டிய மாத்தி எடுப்பியாம்மா? கோகிலம்மா பக்கத்துல நின்னுமா?"

வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா, மன்னிச்சுக்குங்க. உங்க பேரும் கெட்டுப்போச்சு. நான் புட்டிய ரெண்டு தடவ பாத்துத்தான் எடுத்தனுங்க. ஆனாலும் நான்தான் என்னமோ தப்புப் பண்ணிப்போட்டேன்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "பரவால்ல கண்ணு, எல்லாருக்கும் ஆகறதுதான்" என்றேன்.

என்ன மனுசி நான்.

ஜூலை 20, ஞாயிறு

சாம்பார் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு இவரிடம் சொன்னேன். சொல்ல ஒன்றும் இல்லை, கையை நீட்டினேன். அது ஆடியது.

"ஆறு மாசமாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். நீயாச் சொல்லோணும்னு இருந்தேன்" என்றார்.

"பின்னே எதுக்குக் காப்பிய அரை டம்ளர் குடுத்தீங்க?"

"முழுசாக் குடுத்தா கை மேல ஊத்திக்குவே."

ஒரு மணி நேரம் அழுதேன். இவர் சாம்பாரை இறக்கி வைத்தார். நரம்பு டாக்டரிடம் ஆகஸ்ட் நான்காம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறார், போன மாதமே.

ஜூலை 21, திங்கள்

காலையில் ஷமீமாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் அது நின்றது.  பிறகு கோபம் வந்துவிட்டது. "சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமில்லீங்க்கா? ராத்திரி பூரா அழுதனுங்க." அவள் கோபம் நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் முதலில் நம்பவில்லை. பிறகு என் கையைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயால சொன்னாப் பத்தாதுங்க சார். மாப்பிள்ளைக்குத் தட்டுதான் புரியும்" என்றேன். இதுவரை அது கேட்டதைத்தான் செய்திருக்கிறோம். இன்று அது கேட்காத ஒன்றை நான் செய்தேன். ஒரே புட்டி, ஒரே வித்து, ஒரே பெஞ்சு, ஒரே நேரம். நான் மூன்று தட்டு, ஷமீமா மூன்று தட்டு. பதியும்போது ஃப்ரிட்ஜ் கதவுப் பெயரில் பதியவில்லை. கோகிலவாணி என்று முழுப் பெயரும் போட்டு நுழைந்தேன். பெயர் தட்டுவதற்கே நாலு தடவை அழிக்க வேண்டியிருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

வேலை ஓடவில்லை. தட்டுகளை வளர வைத்திருக்கும் இன்குபேட்டர் கதவைத் திறக்காமல் எதிரே நின்றுவிட்டு வந்தேன். என் தட்டும் ஒழுங்காக வந்துவிட்டால் என் கை நன்றாக இருக்கிறது என்று ஆகும், பழைய பதினாறும் மருந்தின் குறைதான் என்று மருந்து போய்விடும். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

ஷமீமாவின் மூன்றும் கோடு போட்ட மாதிரி. என்னுடைய மூன்றும் சிதறல்.

மாப்பிள்ளை இரண்டு வரி எழுதியது. முந்தைய விளக்கங்கள் தவறு, திரும்பப் பெறப்படுகின்றன. முப்பத்தேழாம் மருந்து பட்டியலில் முதலிடத்தில் சேர்க்கப்படுகிறது. வருத்தம் கிடையாது, வெட்கம் கிடையாது. பதினைந்து நாள் கட்டிய கோட்டையை இரண்டு வரியில் இடித்துவிட்டுப் போகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் ஒரு வரி சொல்ல மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் தன் கட்டுரையைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கும் அவருக்கும் சேர்த்து டீ வாங்கி வரப் போய்விட்டார்.

மாராத்தாளின் வலது கண்ணை நேற்று எடுத்துவிட்டார்களாம்.

ஜூலை 25, வெள்ளி

கூட்டத்தில் முப்பத்தேழு தேர்வாகிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மதியம் மாப்பிள்ளை ஒன்று அனுப்பியது. யாரும் கேட்கவில்லை, அதுவாகவே பழைய தட்டுகளையெல்லாம் திரும்பப் பார்த்திருக்கிறது. இந்த நடுக்கத்தின் அடையாளம் போன நவம்பரிலிருந்தே தெரிகிறது என்று தேதி போட்டுச் சொல்கிறது. எனக்கே பிப்ரவரியில்தான் தெரியும். நவம்பரிலிருந்து என் கை வழியாகப் போய், உதவாது என்று தள்ளிய மருந்துகள் அறுபத்தொன்று.

அறுபத்தொன்று. அதில் எத்தனை நல்லது என்று தெரியாது. எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கவும் முடியாது. நிறையப் புட்டிகளில் மருந்து தீர்ந்துவிட்டது, மீதியில் ஒரு தட்டுக்குக் காணும் அளவுதான் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

அதற்கு ஒரு வழி இருக்கிறதாம். அதே நபர் இருபது தட்டுகளில் சாயம் கலந்த தண்ணீரை விட வேண்டும். முட்டுக் கொடுக்காமல், நிறுத்தி நிறுத்திச் செய்யாமல், எப்போதும் செய்கிற வேகத்தில். கேமராவும் வைக்க வேண்டும். கை எங்கே எவ்வளவு தவறுகிறது என்று அளந்துவிட்டால், பழைய அறுபத்தொன்றில் எது உண்மையிலேயே தோற்றது, எது என் கையால் தோற்றது என்று பிரித்துவிடலாமாம்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "கோகிலம்மா, இது கட்டாயமில்ல. வேண்டாம்னா வேண்டாம்னு எழுதிடறேன். இத்தனை வருசம் இருந்துட்டு, கேமரா முன்னால உக்காந்து இதையா..."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் முழுக்கக் கோபம். மறைக்கிறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை எல்லோர் முன்னாலும் இருபது தட்டு செய்து காட்டு என்கிறது. அதற்கு என்ன தெரியும்?

ஜூலை 27, ஞாயிறு

அறுபத்தொன்று என்ற எண் சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் கூடவே இருக்கிறது. இவரிடம் கேட்டேன். "உன்ற கை, நீ சொல்றதுதான்" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 28, திங்கள்

நீலச் சாயத்தை நானே கலக்கினேன். டாக்டர், ஷமீமா, மேல் மாடி ஆட்கள் மூன்று பேர், டெல்லியிலிருந்து திரையில் ஒருவர். எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்குக் கஷ்டப்பட்டார்கள்.

கேமராவை ஷமீமா சரி செய்தாள். நான் பிப்பெட்டை எடுத்ததும் முழங்கை தானாகவே விலாவில் போய் ஒட்டிக்கொண்டது. ஐந்து மாதப் பழக்கம். "அக்கா, முட்டு" என்றாள் மெதுவாக. எடுத்துவிட்டேன். மூச்சை அடக்கியிருந்தேன், அதையும் விட்டேன்.

முதல் குழிக்குக் கை போயிற்று. நடுங்கியது. ஒரு சொட்டு பக்கத்துக் குழியில் விழுந்தது, தட்டின் விளிம்பில் நீலமாக ஒன்று தெறித்தது. ஷமீமா அதை எழுதிக்கொண்டாள். அடுத்த குழி. அதற்கடுத்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து நடுங்காதே நடுங்காதே என்று கெஞ்சிக்கொண்டிருந்த கையிடம், இன்று நீ எப்படியோ அப்படியே இரு என்றேன்.

இருபது தட்டும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.